மேல மொறுமொறு, அடியில களி: ஆப்பிள் பை அடிப்பக்கம் ஊறாம இருக்க என்ன பண்றது?

சிறுவாணித்தண்ணி, கோவை

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டாவது தடவையா ஆப்பிள் பை பண்ணி ரெண்டாவது தடவையும் சொதப்பிட்டேன், அதான் இங்க வந்து புலம்பறேன். மேல பாத்தா குறையே இல்லைங்க, மாவ பட்டை பட்டையா வெட்டி பின்னல் போட்டு முட்டை தடவி நல்ல தங்கக் கலர்ல வந்துச்சு. கத்திய விட்டு ஒரு துண்ட தூக்கறேன், மேல் பாதி மட்டும் கையோட வருது, அடி அப்படியே பாத்திரத்துல ஒட்டிக்கிட்டு கெடக்குது. பால்ல ரொம்ப நேரம் ஊறிப்போன பூரிய தொட்டா எப்படி இருக்கும், அந்தப் பதம். பச்ச மாவு வாசம் வேற. என்ற வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லல, கரண்டி எடுத்துட்டு வந்து ஆப்பிள் அல்வா மாதிரி வழிச்சு சாப்டுட்டு போய்ட்டார், திட்டியிருந்தா கூட பரவால்லைன்னு இருந்துச்சு.

நான் பண்ணுனது இதுதான். மைதா ரெண்டரை கப், உப்பு போட்ட வெண்ணெய் 200 கிராம், ஐஸ் தண்ணி ஏழெட்டு ஸ்பூன். மாவ ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு ஒரு கிலோ ஆப்பிள தோல் சீவி மெல்லிசா நறுக்கி முக்கா கப் சர்க்கரை, பட்டைத்தூள், அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் எல்லாம் கலந்து வெச்சேன். அதுக்குள்ள பாப்பாவோட ஸ்கூல் வேன் வந்துருச்சு, அவளுக்கு பால் காய்ச்சி குடுத்து ஹோம்வொர்க்ல உக்கார வெச்சுட்டு திரும்ப வர ஒரு மணி நேரம் ஆயிருச்சு. அப்புறம் மாவ தேய்ச்சு பீங்கான் பாத்திரத்துல விரிச்சு (9 இஞ்ச், கல்யாண நாளுக்கு வந்த கிஃப்ட்) எல்லாத்தையும் கொட்டி மேல பின்னல் போட்டு உள்ள வெச்சேன். 28 லிட்டர் ஓடிஜி (வீட்டு கரண்ட் ஓவன்), நடு ரேக், மேல கீழ ரெண்டு சூடு ராடும் ஆன், 180 டிகிரில 45 நிமிஷம். வெளிய எடுத்ததும் பத்து நிமிஷத்துல வெட்டிட்டோம், வாசனை தாங்கல.

வர்ற ஞாயித்துக்கிழமை நாத்தனார் குடும்பத்தோட வர்றாங்க, ஆப்பிள் பை பண்றேன்னு போன்ல வாய விட்டுட்டேன். யாராச்சும் காப்பாத்துங்க.

தயிர்சாதம்

நாத்தனார் வர்றாங்கன்னா பேசாம ரவா கேசரி கிண்டி வெச்சிரலாமே சகோ. அதுல அடி ஊறாது, மிஞ்சிப்போனா அடி பிடிக்கும், அவ்ளோதான், ஹிஹி.

அடையார்_ஆலமரம், சென்னை

மேல உள்ள கமெண்ட்ட விடுங்க சிஸ்டர், அவர் எந்த திரெட்லயும் கேசரிதான் சொல்வார்.

உங்களுக்கு தேவை பிளைண்ட் பேக்கிங். அதாவது பழத்த வைக்கறதுக்கு முன்னாடியே அடி மாவ தனியா பாதி வேக வெச்சிடறது. மாவ பாத்திரத்துல விரிச்சதும் அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சுடுங்க, அப்பதான் ஓரம் சுருங்கி கீழ எறங்காது. அப்புறம் ஃபோர்க்கால அங்கங்க குத்தி, மேல பேக்கிங் பேப்பர் விரிச்சு, அது நிறைய கொண்டைக்கடலையோ அரிசியோ கொட்டி வெயிட் வைக்கணும். நான் ஒரு கிலோ பழைய கொண்டைக்கடலைய இதுக்குன்னே ஒரு டப்பால வெச்சிருக்கேன், நாலு வருஷமா அதே கடலைதான், எங்க வீட்டு வேலைக்கார அக்கா ஒரு தடவை அத சுண்டலுக்கு ஊறப்போட்டுட்டாங்க, ஒரு ராத்திரி முழுக்க ஊறியும் கல்லு மாதிரியே இருந்துச்சு. 200ல 15, 20 நிமிஷம், அப்புறம் கடலையையும் பேப்பரையும் எடுத்துட்டு இன்னொரு ஏழெட்டு நிமிஷம் வெறும் மாவா விடுங்க, பளபளப்பு போயி வெளுத்து காஞ்ச மாதிரி ஆகணும். சூடா இருக்கும்போதே அடிச்ச முட்டை வெள்ளைக்கருவ பிரஷ்ஷால லேசா தடவிட்டு இன்னும் ரெண்டு நிமிஷம் உள்ள விட்டா அது ஒரு வார்னிஷ் மாதிரி ஒக்காந்துடும், சாறு உடனே உள்ள எறங்காது.

அதுக்கு மேல ஒரு ஸ்பூன் வறுத்த ரவைய தூவிட்டு பழத்த போடுங்க, மிச்சம் மீதி ஈரத்த அது குடிச்சிடும்.

பப்ஸ்_மாஸ்டர், மதுரை

அக்கா, அடையார்க்காரவங்க சொல்றது தப்பில்ல, ஆனா மேலயும் மாவு மூடுற பைக்கு அது தேவையில்லாத வேலை. அடிய முன்னாடியே சுட்டுட்டா பச்ச மேல் மாவு அதோட ஓரத்துல ஒட்டாது, சாறு பூராம் அந்த இடுக்கு வழியா பொங்கி வெளிய வரும். நான் பதினேழு வருசமா பேக்கரில அடுப்படில நிக்கிறேன், பைன்னு நாங்க தனியா போடுறதில்ல, கிறிஸ்மஸ் சமயம் யாராச்சும் ஆர்டர் குடுத்தா உண்டு, ஆனா பப்ஸ் தினம் ஐநூறு போகும், ரெண்டுக்கும் வியாதி ஒண்ணுதான்.

உங்க பிரச்சினை அடிச்சூடு. அம்புட்டுதான். கடைல டெக் ஓவன்ல மேல் சூடு கீழ் சூடு ரெண்டுக்கும் தனித்தனி கண்ட்ரோல் இருக்கும், பப்ஸ் அடி வெளுத்து வந்தா கீழ ஏத்துவோம் மேல குறைப்போம். உங்க ஓடிஜில நடு ரேக்ல பீங்கான வெச்சா என்ன ஆகும், மேல் ராடு மாவ சிவக்க வெச்சிரும், நீங்களும் கலர பாத்து வெந்துருச்சுன்னு எடுத்துருவீங்க, ஆனா பீங்கான் அப்பத்தான் சூடாக ஆரம்பிச்சிருக்கும். மேல் கலர நம்பாதீங்க, அது ஏமாத்து.

வீட்டுல இரும்பு தோசைக்கல்லு இருக்கா? கைப்பிடில மரமோ பிளாஸ்டிக்கோ இல்லாத கல்லு. அத ஓடிஜில கீழ் ரேக்ல வெச்சு 220ல முப்பது நாப்பது நிமிசம் நல்லா காய விடுங்க. காஞ்ச கல்லு மேல பை தகரத்த வைங்க. தோசைக்கு கல்லு காயாம மாவ ஊத்துனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, இதுவும் அதேதான். கல்லு ஓடிஜிய முழுசா அடைக்கிற சைஸ்ல இருக்கக்கூடாது, சுத்தி ரெண்டு விரல் இடமாச்சும் காத்து போக இருக்கணும். முதல் இருபது நிமிசம் 220, அப்புறம் 190க்கு குறைச்சு இன்னொரு நாப்பது நாப்பத்தஞ்சு நிமிசம். மேல சீக்கிரம் செவந்தா ஃபாயில் போட்டு மூடிருங்க. 180ல 45 நிமிசம்ங்கறது கேக்குக்கு, ஒரு கிலோ பழம் உள்ள இருக்க பைக்கு இல்ல.

இன்னொண்ணு, பப்ஸ்ல மசாலாவ சூடா வெச்சா மாவுக்குள்ள இருக்க கொழுப்பு உருகி மடிப்பே பிரியாது, அடியும் கெட்டுப்போகும். சின்னப் பையங்க வேலைக்கு சேந்தா முதல் வாரம் இதுக்குத்தான் திட்டு வாங்குவாங்க. உங்களுக்கும் அதேதான், உள்ள போறது எதுவா இருந்தாலும் ஆறி இருக்கணும்.

சிறுவாணித்தண்ணி, கோவை

மாஸ்டர் அண்ணா, கும்பிடறேனுங்க. தோசைக்கல்லு இருக்கு, ஆனா அது மாமியாரோடது, அவங்க கல்யாணத்துக்கு வந்த சீர். ஓடிஜிக்குள்ள வெச்சா கல்லுக்கு ஒண்ணும் ஆகாதில்லைங்க? அப்புறம் என்ற பீங்கான் பாத்திரத்தையே அந்த சூடு கல்லு மேல வெக்கலாமா? கண்ணாடி பாத்திரம் ஒண்ணும் இருக்குது.

ஈஸ்ட்ஹாம்_மழை, லண்டன்

சகோதரி, பீங்கானோ கண்ணாடியோ ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட 220 டிகிரி இரும்பு மேல வெச்சுடாதீங்க, வெடிச்சிடும். போரோசிலிகேட் கண்ணாடி கொஞ்சம் தாங்கும், டெம்பர்டு சோடா லைம் கண்ணாடி தாங்கவே தாங்காது, வீட்ல இருக்கறது எதுன்னு பாத்து சொல்றதும் கஷ்டம். ரிஸ்க் வேணாம். சாதாரண அலுமினிய கேக் டின் எடுங்க, கழட்டற அடி இருந்தா இன்னும் நல்லது. அலுமினியம் சூட்ட கடத்தறது பீங்கான விட நூறு மடங்குக்கும் மேல. பீங்கானுக்கு நல்லா இருக்கறது டேபிள்ல வெச்சு அழகு பாக்கறதுதான். கண்ணாடில ஒரே ஒரு லாபம், தூக்கி அடிய பாக்கலாம்.

நான் சமையல்காரன் இல்ல, மெக்கானிக்கல் ஆளு, ஆனா இங்க பத்து வருஷத்துல பை மட்டும் ஒழுங்கா பண்ண கத்துக்கிட்டேன், வேற என்ன பண்றது, அக்டோபர் கடைசி வந்தா அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிடும். இந்த ஊர்ல டீவி பேக்கிங் போட்டில மேரி பெர்ரி அம்மா ஒவ்வொரு பையையும் கவுத்து அடிய பாத்து 'சாகி பாட்டம்'னு (அடி ஊறிப்போச்சுன்னு) சொல்லி சொல்லி இப்ப ஆபீஸ்ல நான் ஏதாவது கொண்டு போனாக்கூட முதல்ல தூக்கி அடியத்தான் பாக்கறாங்க.

உள்ள நடக்கறது ஒரு ரேஸ். மாவு வெந்து கெட்டியாகறது ஒரு பக்கம், பழச்சாறு மாவுல ஊறறது இன்னொரு பக்கம், எது முந்துதோ அது ஜெயிக்கும். ஈரம் இருக்கற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரிய தாண்டாது, 100 டிகிரில மாவு அவியும், சிவக்காது. இட்லி சிவக்குதா? அதான் உங்க பையோட அடி, அது சுட்டது இல்ல, அவிஞ்சது. மாஸ்டர் அண்ணன் சொன்ன கல்லு மாவ ஜெயிக்க வைக்கறதுக்கு. சாறையும் தோக்கடிக்கணும்.

உங்க போஸ்ட்ட ரெண்டு தடவை படிச்சேன், எல்லாரும் ஒரு விஷயத்த விட்டுட்டாங்க. ஆப்பிள சர்க்கரை எலுமிச்சை போட்டு ஒரு மணி நேரம் வெச்சிருந்தீங்க. ஆப்பிள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு பங்கு தண்ணிதான், சர்க்கரை பட்டதும் அது வெளிய வந்துடும், மாங்காய்க்கு உப்பு போட்டு ஜாடில வெச்சா மறுநாள் தண்ணி விட்டு நிக்குமே அதே கதை. ஸ்கூல் வேன் வந்ததுல தப்பில்ல, உண்மைல அது நல்ல காரியம், நானும் வேணும்னே ஒரு மணி நேரம் வைக்கறேன். ஆனா நீங்க அந்த தண்ணியோட சேத்து அப்படியே மாவுல கொட்டிட்டீங்க. அடுத்த தடவை ஒரு வடிகட்டில போட்டு கீழ கிண்ணம் வெச்சு வடிய விடுங்க, ஒரு கிலோவுக்கு அரை கப் கிட்ட வரும். அந்த சாறுல ஒரு துண்டு வெண்ணெய் போட்டு சின்ன கடாய்ல சுண்டக் காய்ச்சுங்க, தேன் பதத்துக்கு வரணும். ஆற விட்டு திரும்ப ஆப்பிள்ல கலந்துக்கலாம், ருசி எதுவும் போகாது, தண்ணி மட்டும் போகும். முக்கியமா கார்ன்ஃப்ளார முன்னாடியே போடாதீங்க, அது சாறோட வடிஞ்சு போயிடும், கடைசில சேருங்க, ஒரு கிலோவுக்கு ரெண்டு பெரிய ஸ்பூன் வேணும், ஒண்ணு பத்தாது. அதுவும் கொதி வந்தாத்தான் முழுசா கெட்டியாகும், அதனால பின்னல் இடுக்குல, ஓரத்துல மட்டும் இல்ல நடுவுலயும், சாறு கெட்டியா குமிழ் குமிழா பொங்கறத பாத்த பிறகுதான் வெளிய எடுக்கணும்.

எந்த ஆப்பிள்ங்கறதும் இருக்கு. இங்க பைக்கு பிராம்லின்னு ஒரு சமையல் ஆப்பிள், 1809ல நாட்டிங்ஹாம்ஷயர் சவுத்வெல்ல ஒரு சின்னப் பொண்ணு தோட்டத்துல போட்ட விதைல இருந்து வந்த மரம்னு பெருமையா சொல்வாங்க. ஆனா அது வெந்தா நுரை மாதிரி குழைஞ்சிடும், அதனால நான் பாதி பிராம்லி பாதி வேற கெட்டியான ஆப்பிள் போடுவேன். உங்க ஊர்ல கிடைக்கற சிவப்பு டெலிஷியஸ் மாவா போயிடும், கிரீன் ஆப்பிள் கொஞ்சம் விலை ஜாஸ்தினாலும் பைக்கு அதுதான்.

தயிர்சாதம்

'இட்லி சிவக்குதா'. ஒரு எஞ்சினியர் இவ்ளோ தெளிவா பேசி நான் பாத்ததே இல்ல. எங்க காலேஜ்ல தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் இப்படி ஒரு தடவை சொல்லியிருந்தா அரியர் வெச்சிருக்க மாட்டேன்.

பனிக்குளிர், ஸ்கார்பரோ

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்து ஆள், இஞ்ச கனடாவுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். ஆப்பிள் பை பற்றி எல்லாரும் சொல்லிப்போட்டினம், நான் மற்ற ஒண்டை சொல்லுறன், ஏனெண்டால் இதை வாசிக்கிற வேற ஆக்கள் குழம்பிப் போவினம்.

மேல மூடி இல்லாத பைக்கு மதுரைத் தம்பி சொன்னது சரி வராது. இஞ்ச ஒக்டோபர் ரெண்டாம் திங்கள் தாங்ஸ்கிவிங் பண்டிகை, பேரப்பிள்ளையளுக்கு பூசணிக்காய் பை இல்லாட்டி சரிவராது. அதுக்குள்ள போறது முட்டையும் பாலும் பூசணிக் களியும் சேர்ந்த தண்ணி, கூழ் பதம். அதை பச்சை மாவிலை ஊத்தினா என்ன கல்லில வைச்சாலும் அடி ஊறும். ஓவனை நல்லா கூட்டி வைச்சா முட்டை திரைஞ்சு நடுவில வெடிச்சுப் போகும், குறைச்சு வைச்சா மா வேகாது. அதுக்கு அடையார்ப் பிள்ளை சொன்ன மாதிரி மாவை முதலே தனிய சுட்டெடுக்கத்தான் வேணும், அதுவும் அரைவாசி இல்லை, நல்ல பொன்னிறமா முழுக்க. பிறகு மாவும் சூடா இருக்கேக்க, உள்ள ஊத்திறதும் சூடா இருக்கேக்க ஊத்திப் போட்டு உடனை ஓவனுக்குள்ள வைக்கவேணும். ஆப்பிளுக்கு ஆறவிடச் சொன்னவை, இதுக்கு சூடு, அதை மாறி விளங்கிக்கொள்ளாதேங்கோ. சுட்ட மா உருகாது, பச்சை மாதான் உருகும். நடு லேசா ஆடேக்கையே வெளியில எடுங்கோ, மிச்சம் ஆறேக்க இறுகும்.

முதல் முதல் நான் செய்தது கொண்டுபோய் வேலையிடத்தில வைச்சனான், ஒரு வெள்ளைக்கார மனுசி வடிவா சிரிச்சுக்கொண்டு உள்ளுக்க இருந்ததை மட்டும் கரண்டியால எடுத்து சாப்பிட்டுட்டு மாவை தட்டிலையே விட்டிட்டா. ஒண்டும் சொல்லேல்லை. அந்தத் தட்டு இண்டைக்கும் கண்ணுக்க நிக்குது. உங்கட மனுசன் அந்த அடியையும் வழிச்சு சாப்பிட்டவர் எண்டால் நல்ல மனுசன், வைச்சிருங்கோ.

ரவைக்குப் பதிலா நான் ரஸ்க்கை இடிச்சுப் போடுறனான், ரவை சில நேரம் பல்லில கடிபடும்.

அடையார்_ஆலமரம், சென்னை

பனிக்குளிர் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் கத்துக்கிட்டதே கஸ்டர்ட் டார்ட்ல (அதுவும் முட்டையும் பாலும் ஊத்தற, மூடியில்லாத பை மாதிரிதான்), அதான் எல்லாத்துக்கும் அதையே சொல்லிட்டேன் போல. மாஸ்டர் சொன்ன ஓரம் ஒட்டாத பிரச்சினை எனக்கும் வந்திருக்கு, நான் என்னமோ என் கை சரியில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். ரஸ்க் தூளும் ட்ரை பண்றேன்.

ஆனா ஒண்ணு யாரும் பேசல, வெயில். கோவை பரவால்ல, எங்க சென்னைல மே மாசம் கிச்சன் 35 டிகிரி, வெண்ணெய் உருகறதே அந்தக் கிட்டதான். மாவ தேய்க்கும்போதே வெண்ணெய் உருகி மைதால கலந்துட்டா அப்புறம் அடுக்கும் வராது மொறுமொறுப்பும் வராது, கெட்டியா ஒரு தட்டு மாதிரி வேகும், அதுவும் ஒரு விதத்துல ஊறின மாதிரியேதான் வாயில இருக்கும். நான் காலைல ஆறு மணிக்கு மாவு தேய்ச்சிடுவேன். வெண்ணெய சின்ன சின்னதா வெட்டி ஃப்ரீசர்ல வெச்சுட்டு, மைதாவையும் வெச்சுட்டு, கைல ரொம்ப பிசையாம பட்டாணி சைஸ்ல வெண்ணெய் அங்கங்க தெரியற மாதிரி விட்டுடுவேன். தண்ணி மாவு ஒண்ணா சேர்ற அளவுக்கு மட்டும்.

பப்ஸ்_மாஸ்டர், மதுரை

சரியா சொன்னீங்கக்கா. பரோட்டாவுக்கு நேர் எதிர். அங்க அடிச்சு இழுத்து வீசணும், இங்க தொட்டும் தொடாம விடணும். பரோட்டா போடுற கை பை மாவுக்கு ஆகாது, எங்க கடைலயே ரெண்டுக்கும் ரெண்டு ஆள். வெயில் நேரத்துல பப்ஸ் மார்ஜரின் தாங்குற மாதிரி வெண்ணெய் தாங்காது, ஆனா மார்ஜரின் வாய்ல மெழுகு மாதிரி ஒட்டும், வீட்டுக்கு வெண்ணெயே நல்லது.

கோவை அக்கா, கல்லுக்கு ஒண்ணும் ஆகாது, ஓடிஜி சூடு கேஸ் அடுப்பு சூட்ட விட கம்மிதான். ஆனா கல்லு மேல ஒரு ஃபாயில் விரிச்சு ஓரத்த மேல மடிச்சு விடுங்க, மறந்துறாதீங்க. சாறு பொங்கி சொட்டும்.

ஈஸ்ட்ஹாம்_மழை, லண்டன்

மாவு பத்தி ஒரு கொசுறு, இதுக்கும் உங்க பைக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா. இங்க மெல்டன் மோப்ரே பக்கம் பன்றிக்கறி பைக்கு மாவே வேற, பன்றிக்கொழுப்ப கொதிக்கற தண்ணில உருக்கி சூடா மாவுல ஊத்தி கிளறுவாங்க, அப்படியே கொழுக்கட்டைக்கு நாம கிளறற மாதிரி. அந்த மாவு சுவர் மாதிரி நிக்கும், உள்ள கறி வெந்து ஜெல்லி ஊத்தினாக்கூட லேசுல ஊறாது. அடுக்கு இருக்காது, ஆனா பலம். அடுக்கும் வேணும் ஊறவும் கூடாதுன்னு ஆசைப்படறதாலதான் நமக்கு இவ்ளோ பாடு.

சிறுவாணித்தண்ணி, கோவை

வந்துட்டேனுங்க. ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது, அப்டேட் போடலைன்னா பாவம் சேரும்.

அலுமினிய கேக் டின்தான் எடுத்தேன். கிரீன் ஆப்பிள் கிலோ விலைய கேட்டு ஒரு நிமிஷம் யோசிச்சு, அப்புறம் முக்கா கிலோ கிரீனும் கால் கிலோ சாதா சிவப்பும் வாங்குனேன். சர்க்கரை போட்டு ஒரு மணி நேரம் வெச்சு வடிகட்டுனா கிண்ணத்துல தண்ணிய பாத்து எனக்கே பகீர்னு ஆயிருச்சு, ஒரு டீ டம்ளர் நெறைய. இதைத்தான் ரெண்டு தடவையும் மாவு மேல கொட்டிருக்கேன். வெண்ணெய் போட்டு சுண்ட வெச்சேன், அந்த வாசத்துக்கே பாப்பா ஹோம்வொர்க்க விட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டா, கரண்டிய நக்கறதுக்கு.

கல்லு நாப்பது நிமிஷம் காஞ்சுது. டின்ன உள்ள வெச்சப்ப சொய்ங்னு லேசா ஒரு சத்தம் வந்துச்சு, டின்னு அடியில ஒட்டியிருந்த ஈரமா இருக்கும், ஆனா அந்த சத்தம் கேட்டப்பவே மனசுக்கு தெம்பா ஆயிருச்சுங்க. 220ல இருபது, அப்புறம் 190. என்ற ஓடிஜில பின்பக்கம் சூடு ஜாஸ்தி போல, ஒரு ஓரம் கொஞ்சம் கருகுச்சு, பாதில திருப்பி வெச்சிருக்கணும். நடுவுல சாறு பொங்கற வரைக்கும் விட்டேன், மொத்தம் ஒரு மணி அஞ்சு நிமிஷம் ஆச்சு. வெளிய எடுத்து கம்பி ஸ்டேண்டு மேல வெச்சு, யாரும் தொடக்கூடாதுன்னு பூஜை ரூம்ல கொண்டு போய் வெச்சுட்டேன், மூணு மணி நேரம். நாத்தனார் ரெண்டு தடவை கேட்டாங்க, எப்ப வெட்டுவீங்கன்னு.

வெட்டுனா, கத்தி அடிய தொடும்போது கரக்னு சத்தம் கேட்டுச்சு. துண்ட தூக்குனா முழுசா வருது. கவுத்து பாத்தேன், நடுவுல ஒரு உள்ளங்கை அளவு கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சு, மீதியெல்லாம் பிஸ்கட் கலர். நாத்தனார் ஒரு வாய் வெச்சுட்டு, இது எந்த பேக்கரில வாங்குனீங்கன்னு கேட்டாங்க. பாராட்டா குத்தலான்னு இன்னும் யோசிச்சிட்டு இருக்கேனுங்க.

ரெண்டு துண்டு மிச்சம் இருக்கு. ஃப்ரிட்ஜ்லயா வெளியயா?

அடையார்_ஆலமரம், சென்னை

சூப்பர் சிஸ்டர்! அந்த வெளுப்பு, கல்ல இன்னும் பத்து நிமிஷம் கூட காய விட்டா சரியாகும்னு நெனக்கறேன். கோவைல இப்ப இருக்கற க்ளைமேட்டுக்கு ஒரு நாள் வெளியவே வைக்கலாம், லேசா மூடி, டப்பால அடைக்காதீங்க, அடைச்சா ஈரம் உள்ளயே சுத்தி ராத்திரிக்குள்ள நமத்துடும். அதுக்கு மேலன்னா ஃப்ரிட்ஜ். திரும்ப சூடு பண்றப்ப மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க, ஓடிஜில 180ல பத்து பதினஞ்சு நிமிஷம்.

பப்ஸ்_மாஸ்டர், மதுரை

ரொம்ப சந்தோசம்க்கா. கடைல பப்ஸ கண்ணாடிப் பெட்டிக்குள்ள பல்பு போட்டு வெச்சிருக்கறது ஏன்னு இப்ப புரியுதா. ஃபாயில் போட்டீங்கல்ல?

சிறுவாணித்தண்ணி, கோவை

அதத்தான் கேக்காம இருப்பீங்கன்னு நெனச்சேன். மறந்துட்டேனுங்க. கழட்டற அடி வெச்ச டின்னு இல்லைங்களா, அந்த இடுக்கு வழியா சாறு எறங்கி கல்லு மேல கருகி தார் மாதிரி ஒட்டிக்கிச்சு. எண்ணெய் விட்டு சுரண்டியும் வரல, கம்பி நார் போட்டு தேய்ச்சுட்டேன். இன்னிக்கு காலைல மாமியார் தோசை ஊத்துனாங்க, முதல் தோசை பிய்யுது, ரெண்டாவதும் பிய்யுது, மூணாவது ஊத்திட்டு கல்ல ஒரு பார்வை பாத்தாங்க, என்ன ஒரு பார்வை பாத்தாங்க.

தயிர்சாதம்

நான் அப்பவே கேசரின்னு சொன்னேன்.

பப்ஸ்_மாஸ்டர், மதுரை

ஐயோ அக்கா. கம்பி நார் போட்டிருக்கவே கூடாது, தண்ணிய ஊத்தி அடுப்புல கொதிக்க விட்டிருந்தா சக்கரை தானா கரைஞ்சிருக்கும். சரி விடுங்க, நல்லெண்ணெய் தடவி சின்னத் தீயில காய வெச்சு, பாதி வெங்காயத்த கரண்டில குத்தி தேய்ங்க, ரெண்டு மூணு நாள் ராத்திரி இப்படி பண்ணி எண்ணெய் தடவி வைங்க, பழகிரும். அதுவரைக்கும் அவங்கள ஊத்தாப்பம் ஊத்தச் சொல்லுங்க, தடியா எண்ணெய் விட்டு ஊத்துனா ஒட்டாது.

சிறுவாணித்தண்ணி, கோவை

வெங்காயம் தேய்ச்சிட்டுதான் டைப் பண்றேன். மிச்சமிருந்த ரெண்டு துண்டுல ஒண்ண சுட வெச்சு மாமியார்கிட்ட குடுத்துருக்கேனுங்க. சாப்ட்டுட்டு இருக்காங்க, இன்னும் ஒண்ணும் சொல்லல.